முதலில் பின்சீட்டில் உட்காருங்கள்: சின்ன குடும்பக் காரில் இடத்தையும் இருக்கையையும் ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருஷம் மே மாதம் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனோம். உறவினர் ஒருவர் அப்போதுதான் எடுத்திருந்த புது கார். முன்னால் அவரும் நானும், பின்னால் என் அம்மா, மனைவி, எட்டு வயது மகள். மொத்தம் சுமார் 85 கிலோமீட்டர்தான். கண்ணமங்கலம் தாண்டும்போதே அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். போளூரில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்கியவுடன் நடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "முட்டி மேல தூக்கிக்கிட்டு நிக்குதுப்பா, தொடைக்குக் கீழ ஒண்ணுமே இல்ல" என்றார். முன்சீட்டில் இருந்த எனக்கு அதுவரை எதுவுமே தெரியவில்லை. அந்தக் காரை எடுத்தவர் விலை பார்த்தார், மைலேஜ் பார்த்தார், திரை எவ்வளவு பெரியது என்று பார்த்தார், பின்சீட்டில் மட்டும் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டுக்குக் கார் தேடியபோது ஒரே ஒரு முடிவோடுதான் தேடினேன். பின்னால் உட்காருகிறவர்கள் சரி என்று சொன்னால்தான் அந்தக் கார். இன்ச் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியதில் கற்றுக்கொண்டதை, நீங்களும் அப்படியே செய்து பார்க்கும் விதமாக வரிசையாக எழுதுகிறேன்.

சின்ன கார்கள் ஏன் 4 மீட்டரைத் தாண்டுவதில்லை

நம் ஊரில் குடும்பத்துக்கு என்று விற்கும் சின்ன கார்கள் பலவற்றின் நீளத்தைப் பார்த்தால் 3990 மில்லிமீட்டர், 3995 மில்லிமீட்டர் என்று இருக்கும். 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி வரை, இதற்குள் அடங்கினால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். அதனால் கம்பெனிகள் எல்லாம் அந்த 4 மீட்டரை வைத்துக்கொண்டுதான் விளையாடுகின்றன. என்ஜினுக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு, டிக்கிக்கு எவ்வளவு என்று அந்த நீளத்தைப் பங்கு போடுவதில்தான் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் வித்தியாசமே. ஒரு கார் டிக்கி பெரிது என்று சொன்னால் அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் பின்சீட்டுக்காரரின் காலிலிருந்தோ, சீட்டின் சாய்மானத்திலிருந்தோ வந்திருக்கும்.

இடத்தைப் பங்கு போடுவதில் ஒரு பெரிய மாற்றம் 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி கார். என்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களை ஓட்ட வைத்ததில் மூன்று மீட்டர் காரிலேயே நாலு பெரியவர்கள் உட்கார முடிந்தது. இன்று நாம் வாங்கும் சின்ன கார்கள் ஏறக்குறைய அத்தனையும் அதே ஏற்பாடுதான். நம் டாடா நானோவோ என்ஜினைப் பின்னால் தள்ளி, 3.1 மீட்டர் நீளத்திலேயே முன்னும் பின்னும் நல்ல இடம் கொடுத்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தவர்களுக்கு இன்றும் அது நினைவிருக்கும்.

படி 1: ஷோரூம் போகுமுன் வீட்டிலேயே அளவெடுங்கள்

ஒரு தாளில் ஐந்து சீட் வரைந்து யார் எங்கே உட்காருவார்கள் என்று எழுதுங்கள். தினசரி ஓட்டத்தை வைத்து எழுதினால் பயனில்லை. சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் என்று போகும் பத்து நிமிஷத்துக்கு எந்தக் காரும் போதும். வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு முறை வரும் நீண்ட பயணத்தை எழுதுங்கள்: சித்தூர் வழியாகத் திருப்பதி, சென்னையில் ஒரு கல்யாணம், ஏலகிரி. அன்றைக்கு முன்னால் யார், ஜன்னலோரம் யார், நடுவில் யார்?

அப்புறம் டேப் எடுத்து மூன்று அளவு எடுங்கள். ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் முதுகிலிருந்து முட்டி வரை. இரண்டு, அதே நிலையில் தரையிலிருந்து முட்டியின் உள்மடிப்பு வரை உயரம். மூன்று, தோள் அகலம். நம் ஊர் ஆண்களுக்குத் தோள் அகலம் ஏறக்குறைய 42 முதல் 46 சென்டிமீட்டருக்குள் வரும், மூன்று பேர் என்றால் 1.3 மீட்டர் ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கு பின்னால் உதவும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டாவது அளவுதான் முக்கியம் என்று அன்றே தெரிந்துவிட்டது. முட்டி வலி இருப்பவர்களுக்கு உட்காரும் உயரம்தான் எல்லாம்.

படி 2: பிரோஷரில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

பிரோஷரில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீல்பேஸ், அகலம், உயரம். வீல்பேஸ் என்பது முன்சக்கரத்தின் மையத்துக்கும் பின்சக்கரத்தின் மையத்துக்கும் இடையில் உள்ள தூரம். உட்காரும் இடம் முழுக்க இதற்குள்தான் அடங்கும். ஸ்விஃப்டுக்கு 2450 மில்லிமீட்டர், ஆல்ட்ரோஸுக்கு 2501, பலேனோவுக்கு 2520, ஐ20-க்கு 2580, மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ-வுக்கு 2600. ரெனோ டிரைபருக்கு 2636, இதுவும் 4 மீட்டருக்குள் அடங்கிய கார்தான்.

எண் பெரிதானால் இடம் பெரிது என்று அங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள், நான் முதல் மாதம் அந்தத் தப்பைத்தான் செய்தேன். ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் ஒரே வீல்பேஸ், 2450. ஆனால் டிசையரில் பின்சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருப்பதால் முட்டிக்கு முன்னால் கூடுதல் இடம் கிடைக்கிறது. வேகன்ஆர்-க்கு 2435-தான், ஸ்விஃப்டைவிடக் குறைவு, நீளமோ 3655 மட்டும். ஆனால் உயரம் 1675 மில்லிமீட்டர். உயரமான காரில் நாற்காலியில் உட்காருவது போல நேராக உட்கார வைக்கலாம், கால் கீழே இறங்கிவிடும், முன்னால் நீட்ட வேண்டியதில்லை. தாழ்ந்த காரில் தலை இடிக்காமல் இருக்க உங்களைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், கால் முன்னால் போகும், அதற்கு நீளம் வேண்டும். 1998-இல் சான்ட்ரோ வந்தபோது அதன் உயரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உள்ளே உட்கார்ந்த பிறகு வாங்கிப் போனதற்குக் காரணம் இதுதான். நாம் சென்னை போகும் அதே நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான கார் அது.

அகலத்தைப் பாருங்கள். வேகன்ஆர் 1620, பலேனோ 1745, ஐ20 1775, நெக்ஸான் 1804, 3எக்ஸ்ஓ 1821. இது வெளி அகலம். கதவின் தடிமன் எல்லாம் போக உள்ளே மிஞ்சுவது வேறு, ஆனாலும் வேகன்ஆர்-க்கும் 3எக்ஸ்ஓ-வுக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். பின்னால் மூன்று பேர் என்றால் இது ஒருவரின் பாதி உடம்பு.

"லெக்ரூம்" (கால் இடம்), "ஹெட்ரூம்" (தலை இடம்) என்று விளம்பரத்தில் போடும் எண்களை நான் ஒப்பிடுவதில்லை. முன்சீட்டை எவ்வளவு தள்ளி வைத்து அளந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. முன்சீட்டை முழுக்க முன்னால் இழுத்துவிட்டால் எந்தக் காரிலும் கால் நீட்டிப் படுக்கலாம். அதை நாமே அளக்க வேண்டும்.

படி 3: ஓட்டுநர் சீட்டைச் சரிசெய்து, அதற்குப் பின்னால் நீங்களே உட்காருங்கள்

ஷோரூமில் முதலில் செய்ய வேண்டியது இது. ஓட்டப்போவது நீங்கள் என்றால் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை முழுக்க மிதித்தாலும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். தோள் சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். பல சின்ன கார்களில் ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும்தான் அசையும், முன்னும் பின்னும் வராது. கை நீளமில்லாதவர்கள் சீட்டை முன்னால் இழுக்க வேண்டி வரும், உயரமானவர்கள் முட்டி இடிக்கிறது என்று பின்னால் தள்ளுவார்கள். அந்தத் தள்ளல் முழுக்கப் பின்னால் இருப்பவரின் கணக்கில்தான் சேரும்.

சீட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, அதற்கு நேர் பின்னால் போய் உட்காருங்கள். இடுப்பு பின்சாய்மானத்தில் நன்றாக ஒட்டட்டும், சறுக்கி முன்னால் வந்து உட்கார்ந்தால் அளவு தப்பு. இப்போது முட்டிக்கும் முன்சீட்டின் முதுகுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். நாலு விரல் தாராளமாக நுழைந்தால் நீண்ட பயணத்துக்குப் போதும். இரண்டு விரல் என்றால் ஒரு மணி நேரத்தில் கால் மாற்றி மாற்றி வைக்க ஆரம்பிப்பீர்கள். முன்சீட்டின் முதுகு மெத்தையா, கெட்டி பிளாஸ்டிக்கா என்பதையும் தட்டிப் பாருங்கள். பிரேக் போடும்போது முட்டி அதில்தான் இடிக்கும்.

பாதம் முன்சீட்டுக்கு அடியில் போகிறதா என்று பார்ப்பது பலருக்குத் தோன்றாது. என்னைக் கேட்டால் இது முட்டி இடத்தைவிட முக்கியம். பாதத்தை உள்ளே விட்டு முன்னால் நீட்ட முடிந்தால் தொடை தானாகச் சீட்டில் படியும், முடியாவிட்டால் முட்டி செங்குத்தாக நிற்கும், பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். ஓட்டுநர் சீட்டில் உயரம் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால், முழுக்கக் கீழே இறக்கிவிட்டும் ஒருமுறை பாருங்கள். உயரமானவர் சீட்டைக் கீழே இறக்கினால் பின்னால் இருப்பவருக்குப் பாதம் நுழையும் சந்து அடைபட்டுவிடும்.

தலைக்கு மேல் எத்தனை விரல்? வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்துப் பாருங்கள், கொண்டையும் தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது அவர்கள்தான். பின்னால் சரிந்து இறங்கும் கூரையுள்ள கார்களில் தலைக்கு நேர் மேலே இடம் இருக்கும், பின்மண்டை இடிக்கும். ஒரே காரை வசதிக்கு ஏற்பப் பல வேரியண்ட்டாக விற்கிறார்கள், அதில் சன்ரூஃப் உள்ள வேரியண்ட்டில் அதன் சட்டத்துக்காகக் கூரை உள்பக்கம் சற்றுத் தாழும். ஆகவே எந்த வேரியண்ட் வாங்குகிறீர்களோ அதிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

படி 4: தொடைக்கு அடியில் கை விடுங்கள்

அம்மா அன்று சொன்னது இதைத்தான். சீட்டில் உட்கார்ந்தபடி தொடைக்கும் குஷனுக்கும் நடுவில் கையை விடுங்கள். முட்டியிலிருந்து இடுப்பு நோக்கிப் போகும்போது நாலு விரல் தூரத்துக்குள் கை தடைபட்டால் சீட் நன்றாகத் தாங்குகிறது. பாதித் தொடை வரை கை போனால் அந்தச் சீட் உங்களைத் தாங்கவில்லை, இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்திருக்கிறது. முன்பக்க விளிம்பு முட்டி மடிப்பில் அழுத்தினாலும் ஆகாது, ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப் போகும். குள்ளமான பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டாவது பிரச்சினை, உயரமானவர்களுக்கு முதல் பிரச்சினை.

தொடை தூக்கிக்கொண்டு நிற்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று குஷனின் நீளம் குறைவு, இதை டேப் வைத்து முன்விளிம்பிலிருந்து சாய்மானம் வரை அளந்துவிடலாம். இன்னொன்று, கார் தரைக்கும் குஷனுக்கும் உயரம் குறைவு. மின்சார கார் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் அளக்க வேண்டும். தரைக்கு அடியில் பேட்டரி வைத்திருப்பதால், பெட்ரோல் காராக வடிவமைத்து அப்புறம் மின்சாரமாக மாற்றிய மாடல்களில் தரை மேலே ஏறி, முட்டி நெஞ்சை நோக்கி வரும். வீட்டில் எடுத்த இரண்டாவது அளவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு முட்டி மேலே போகும்.

சாய்மானத்தின் கோணம் அடுத்து. 90 டிகிரியில் நிமிர்த்தி உட்கார வைத்தால் முதுகுத்தண்டின் வட்டுகளில் அழுத்தம் கூடும். 100 முதல் 110 டிகிரி வரை சாய்ந்தால் அழுத்தம் குறையும். டிக்கியைப் பெரிதாகக் காட்டுவதற்காகப் பின்சாய்மானத்தை நிமிர்த்தி வைப்பதும் உண்டு. சாய்மானத்தை மாற்றும் வசதி சின்ன கார்களில் அரிது. கியா சைரோஸில் பின்சீட் முன்னும் பின்னும் நகரும், சாயவும் சாயும். டிரைபரில் இரண்டாம் வரிசை நகரும், சாயும். வயதானவர்களை அடிக்கடி அழைத்துப் போகிறவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே அவற்றை ஒருமுறை பார்க்கலாம்.

இப்போது மெத்தை. ஷோரூமில் உட்கார்ந்தவுடன் புசுபுசுவென்று இறங்கும் சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த மென்மை ஐந்து நிமிஷத்துக்கு நன்றாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் ஃபோம் முழுக்க அமுங்கி அடியில் உள்ள தகடும் கம்பியும்தான் தாங்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ வேலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை, போட்டவுடன் மெத்தென்று இருக்கும் ஷூ சாயங்காலம் காலை வலிக்க வைக்கும் என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம். முழங்கையைக் குஷனில் ஊன்றி அழுத்துங்கள். அடியில் கெட்டியாக எதுவும் தட்டுப்படாமல் மெதுவாக எதிர்த்து நின்றால் நல்ல ஃபோம். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் உட்காருங்கள். விற்பனையாளர் ஏதாவது நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள், பல லட்சம் கொடுக்கப் போவது நீங்கள். இருபது நிமிஷத்தில் இடுப்பின் உள்வளைவுக்குத் தாங்கல் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் முதுகே சொல்லிவிடும்.

படி 5: மூன்று பேரை உட்கார வையுங்கள், நடுவில் இருப்பவரைக் கேளுங்கள்

பின்னால் மூன்று பெரியவர்கள் என்றால் அது சின்ன காருக்குப் பெரிய பரீட்சை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார முடிகிறதா, அல்லது ஒருவர் முன்னால் நகர்ந்தால்தான் மற்ற இருவரின் தோளுக்கு இடம் கிடைக்கிறதா? ஓரத்தில் உட்காருகிறவர்களைச் சக்கர வளைவு உள்பக்கம் தள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

நடு இருக்கை பெரும்பாலும் மேடாகவும் கெட்டியாகவும் இருக்கும். மடக்கும் ஆர்ம்ரெஸ்ட் இருந்தால் அதன் முதுகு நடுவில் இருப்பவரின் முதுகில் குத்தும். இரண்டு பேர் போகும்போது சுகம் தரும் அதே சாமான் மூன்று பேர் போகும்போது தொந்தரவு, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தரையில் நடு மேடு எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். ஆல்ட்ரோஸில் பின்தரை சமமாக இருப்பதால் நடுவில் இருப்பவர் இரண்டு காலையும் சேர்த்து வைக்கலாம். நடு இருக்கைக்கு இடுப்பை மட்டும் கட்டும் பட்டையா, தோளையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டா என்பதையும், அங்கே ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஏறி இறங்குவது

இதற்கு அளவுகோல் உங்கள் வீட்டிலேயே வயதான ஒருவர்தான். அவரைப் புடவையோடு, வேட்டியோடு அழைத்துப் போங்கள். வேலூரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லோர் வீட்டிலும் உள்ள வேலை, சிஎம்சி வாசலில் பின்னால் ஹார்ன் அடிக்கும்போது அவர் நிதானமாக இறங்க முடியுமா என்றுதான் நான் பார்த்தேன்.

நல்ல காரில் அவர் முதலில் இடுப்பைத் திருப்பிச் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். கீழே விழுவது போல உட்கார வேண்டியிருந்தால் சீட் தாழ்வு. எகிறி ஏற வேண்டியிருந்தால் உயரம் அதிகம். வேகன்ஆர், பஞ்ச், எக்ஸ்டர் போன்ற உயரமான சின்ன கார்கள் எங்கள் அம்மாவுக்கு வசதியாக இருந்தன. ஐ20, பலேனோ இரண்டிலும் உள்ளே போன பிறகு இடம் அருமை, ஏறி இறங்கும்போது தலையைக் குனிந்து முட்டியை மடக்க வேண்டியிருந்தது. கதவு எவ்வளவு விரிகிறது என்றும் பாருங்கள். பஞ்ச், ஆல்ட்ரோஸ் கதவுகள் 90 டிகிரி வரை திறக்கும். ஆனால் கொசப்பேட்டை மாதிரிச் சந்துகளில் கதவு அவ்வளவு திறக்க எங்கே இடம், அங்கே பாதி திறந்த கதவில் ஏறி இறங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. கூரையில் கைப்பிடி இருக்கிறதா? சில கார்களின் கீழ் வேரியண்ட்டில் அதைக்கூட எடுத்துவிடுகிறார்கள்.

படி 7: மதியம் இரண்டு மணிக்குப் போங்கள்

காலை பத்து மணிக்கு ஷோரூம் ஏசி-யில் நிற்கும் காரில் உட்கார்ந்தால் எல்லாம் குளுகுளுவென்றுதான் இருக்கும். நம் ஊர் வெயில் ஊர், கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெயிலில் நிறுத்திய டெஸ்ட் டிரைவ் காரில் மதியம் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து, காற்று முகத்துக்கு வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். பலேனோ, ஐ20, எக்ஸ்டர் போன்றவற்றில் பின்னால் தனி ஏசி துவாரம் உண்டு, வேகன்ஆரில் கிடையாது. துவாரம் இல்லாத காரில் முன்பக்கக் காற்று இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே புகுந்துதான் பின்னால் வரவேண்டும். நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும், ஓரத்தில் இருப்பவருக்குத் தாமதமாகும்.

ஜன்னலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பெரிய கண்ணாடி என்றால் வெளிச்சமும் உண்டு, வெயிலும் உண்டு. சின்ன கண்ணாடி என்றால் சூடு குறையலாம், ஆனால் பிள்ளைகளுக்கு வெளியே தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் என் மகளுக்கு வாந்தி வந்ததும், ஜன்னல் விளிம்பு தாழ்ந்த இன்னொரு காரில் அதே வளைவுகளில் வராமல் இருந்ததும் நான் பார்த்தது. கண் வெளியே தூரத்தைப் பார்த்தால் குமட்டல் குறையும். கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள், முன்பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும்.

படி 8: டெஸ்ட் டிரைவில் பின்னால் உட்காருங்கள்

முதல் சுற்று நீங்கள் ஓட்டுங்கள், இரண்டாவது சுற்று வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் பின்னால். அவர்கள் வழக்கமாகக் கூட்டிப் போகும் வழுவழுப்பான நெடுஞ்சாலை போதாது. கிரீன் சர்க்கிளிலிருந்து பாலாற்றுப் பாலம் ஏறி காட்பாடி போய் வரச் சொல்லுங்கள், அந்த நெரிசலில் நின்று நின்று போகும்போது உடம்பு எவ்வளவு முன்னும் பின்னும் ஆடுகிறது என்று தெரியும். அப்புறம் பாகாயம் தாண்டிக் கணியம்பாடி பக்கம் கொஞ்ச தூரம், வேகத்தடைகளில் பின்சீட் தூக்கிப் போடுகிறதா என்று பார்க்க.

ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் பின்பக்கம் தூக்கித்தான் போடும், ஸ்பிரிங் நாலு பேர் பாரத்துக்குக் கணக்கிட்டது. வீட்டோடு போய் ஏறினால் உண்மை தெரியும். புறப்படுமுன் டயர் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். காற்று அதிகமாக இருந்தால் நல்ல காரும் கட்டை வண்டி மாதிரி குதிக்கும், அதை வைத்து நல்ல காரைத் தள்ளிவிடக்கூடாது.

படி 9: டிக்கி

லிட்டர் கணக்கில் சொல்கிறார்கள்: ஸ்விஃப்ட் 265, பலேனோ 318, வேகன்ஆர் 341, ஆல்ட்ரோஸ் 345, பஞ்ச் 366, எக்ஸ்டர் 391, ஸ்கோடா கைலாக் 446. இந்த லிட்டரைச் சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி அளக்கும் முறையும் உண்டு, தண்ணீர் ஊற்றுவது போல மூலை முடுக்கெல்லாம் சேர்த்துக் கணக்கிடுவதும் உண்டு, அதனால் பத்து இருபது லிட்டர் வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. வீட்டில் உள்ள பெரிய சூட்கேஸையே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். வாய் குறுகலா, விளிம்பைத் தாண்டித் தூக்க எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்போது தெரியும். சிஎன்ஜி வாங்கினால் ஒற்றைப் பெரிய சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். டாடா 2023-இல் ஆல்ட்ரோஸிலும், ஹூண்டாய் 2024-இல் எக்ஸ்டரிலும் இரண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைத்துக் கொடுத்த பிறகு சிஎன்ஜியிலும் பெட்டி வைக்க இடம் கிடைக்கிறது.

ஆறு ஏழு பேர் குடும்பம் டிரைபர் பார்க்கும். மூன்றாம் வரிசை போட்டால் டிக்கி 84 லிட்டர்தான், இரண்டு பை வைக்கலாம். அந்த வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625. எல்லோரும் வரும் நாளில் சாமான் கிடையாது, சாமான் இருக்கும் நாளில் ஐந்து பேர் என்று ஒத்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல கார். மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்குத்தான்.

படி 10: பெல்ட், ஹெட்ரெஸ்ட், குழந்தை சீட்

ஹெட்ரெஸ்டை உயர்த்தினால் அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு, குறைந்தது காதுக்கு மேலாவது வரவேண்டும். கழுத்து மட்டத்தில் நின்றுவிடும் ஹெட்ரெஸ்ட் பின்னாலிருந்து இடி வாங்கும்போது கழுத்தை உடைக்கும் நெம்புகோல் ஆகிவிடும். சீட்டோடு சேர்ந்த அசையாத ஹெட்ரெஸ்ட் பல கீழ் வேரியண்ட்களில் பின்னால் இருக்கிறது. வீட்டில் உயரமானவரை உட்கார வைத்துப் பார்க்காமல் அதை எடுக்காதீர்கள்.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து பாருங்கள். கொக்கி குஷனுக்குள் புதைந்து கிடந்தால் பெரியவர்கள் போடவே மாட்டார்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுவது சட்டம், அபராதம் 1000 ரூபாய், அதைவிட முக்கியம் போடாதவர் முன்சீட்டில் இருப்பவர் மேலேயே வந்து விழுவார் என்பது. சின்னக் குழந்தை இருந்தால் குழந்தை சீட்டை எடுத்துப்போய், அதைப் பூட்டுவதற்கென்றே பின்சீட்டில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட் மாட்டிய பிறகு முன்சீட்டை எவ்வளவு முன்னால் இழுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், சில கார்கள் அங்கேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது

முட்டி வலிக்காரர் உள்ள நாலு பேர் குடும்பத்துக்கு வேகன்ஆர், பஞ்ச், எக்ஸ்டர் மூன்றையும் முதலில் உட்கார்ந்து பாருங்கள் என்பேன். உயரமான ஆட்கள், நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் ஐ20, பலேனோ. பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் உள்ளே ஒன்றுதான், இரண்டுக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம். பின்னால் தினமும் மூன்று பெரியவர்கள் என்றால் பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றி 3எக்ஸ்ஓ, நெக்ஸான் பக்கம் போவது நல்லது. குறுகலான காரில் மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்துவிட்டுப் பழகிவிடும் என்பது நடக்காது.

நாங்கள் எடுத்தது உயரமான சின்ன கார் ஒன்று. மேல் வேரியண்ட்டில் பெரிய திரை, கீழே உள்ளதில் பின்சீட்டுக்கு அசையும் ஹெட்ரெஸ்ட் இல்லை, நடு வேரியண்ட் எடுத்தோம். வேரியண்ட் முடிவு செய்யும்போது சீட் உயரம் மாற்றும் வசதி, பின் ஏசி, பின் ஹெட்ரெஸ்ட் மூன்றும் எதிலிருந்து ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், இவை மூன்றையும் அப்புறம் வெளியில் போட்டுக்கொள்ள முடியாது. சீட் கவர் வெளியில் போடலாம். ஆனால் முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அந்த இடத்தை மூடாத, அதற்கென்று தைத்த கவர்தான் போட வேண்டும், சாதாரண ரெக்சின் கவர் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும்.

பழைய கார் எடுப்பவர்களுக்கும் இதே படிகள்தான், கூடவே ஒன்று. ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், தினமும் ஏறி இறங்கித் தேய்ந்து ஃபோம் அங்கேதான் முதலில் சரியும். அதே சீட்டின் மறுபக்க விளிம்போடு ஒப்பிட்டால் எவ்வளவு உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும். மீட்டரில் ஓட்டம் குறைவாகக் காட்டி இந்த விளிம்பு தொங்கிப் போயிருந்தால் மீட்டரைப் பற்றியும் கேள்வி கேளுங்கள். ஃபோம் மட்டும் மாற்றித் தைத்துக் கொடுக்கும் குஷன் கடைகள் வேலூரிலேயே இருக்கின்றன, அந்தச் செலவை விசாரித்துக்கொண்டு போய் விலையில் கழித்துப் பேசுங்கள்.